லாரன்ஸ் உட்கார்ந்த இடம்

ஆய்வகக் கதவுக்கு வெளியே டீனா பதினொரு நிமிடமாக நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் மஞ்சள் நாடா. மஞ்சள் நாடாவுக்கு அந்தக் கதவு திறக்காது. அடையாறில் இருந்த அந்த மூன்று மாடி அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் மஞ்சள். நிரந்தர ஊழியர்களுக்கு நீலம்.

மஹதி வந்தாள். "ஐயோ, வெளியவே நிக்கறியா? ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே." நீல நாடாவில் தொங்கிய அட்டையைக் காட்டினாள். கதவு உடனே திறந்தது. டீனா முதலில் போகட்டும் என்று கதவைப் பிடித்துக்கொண்டு வேறு நின்றாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் டீனாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டீனா கணினியைத் திறந்தாள். 'வணக்கம் லாரன்ஸ்' என்றது திரை. லாரன்ஸ் ஒன்றரை வருடத்துக்கு முன் ஒப்பந்தம் முடிந்து போனவன். அவன் நாற்காலி, அவன் கணக்கு. பெயரை மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி அவள் ஒப்பந்தமும் முடிகிறது. மஞ்சள் நாடாக்காரர்களில் ஒரே ஒருவரை நிரந்தரமாக்கப் போகிறார்கள். யாரை என்று மேலாளர் தணிகாசலம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அவரிடம் காட்ட டீனாவிடம் இருந்தது ஒரே ஒரு வேலை.

இயங்குதளத்தின் அடித்தளமான கெர்னல், ஓடிக்கொண்டிருக்கும்போதே சின்னச் சின்ன நிரல்களை எந்திர மொழியாக்கி நினைவகத்தில் உட்கார வைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுப் பக்கம், நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட். நிரலுக்குத் தேவையோ முந்நூறு. மீதி சும்மா கிடக்கும். வாடிக்கையாளரின் கருவிகள் இதனால் திணறிக்கொண்டிருந்தன.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா," என்று தணிகாசலம் கேட்ட அன்று அவள் அவசரத்தில் சொல்லிவிட்டாள். "ஒரே ஆள் ஏறி முழு ஆட்டோவையும் எடுத்துக்கினு போற மாதிரி கீது சார். ஷேர் ஆட்டோ வுட்டா போதும். ஒரு பெரிய பக்கத்துல எல்லாத்தையும் நெருக்கி உக்கார வச்சிடலாம்."

"கீதா?" என்று அவர் சிரித்தார். அறையே சிரித்தது.

மறுநாள் மஹதி அதே ஷேர் ஆட்டோவை வாடிக்கையாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர்களும் சிரித்தார்கள். அது வேறு சிரிப்பு.

நிரலை டீனாதான் எழுதினாள். நாலு வாரம். ஆனால் கெர்னலில் ஒரு மாற்றம் சேர வேண்டுமென்றால் வெளிநாட்டுக்காரர்கள் பார்க்கும் பொது மின்னஞ்சல் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும். ஒப்பந்தக் கணக்கிலிருந்து வெளியே கடிதம் போகாது. "மஹதி பேர்ல போகட்டும். உன் பேரு கீழ வரும்," என்றார் தணிகாசலம்.

மஹதி இரண்டு நாள் அதைச் சுத்தம் செய்தாள். பிறகு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு டீனாவின் மேசைக்கே வந்தாள். "அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடேன்."

டீனா படித்தாள். ஆங்கிலம் வழுவழுவென்று இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாம் வரிக்கு வந்ததும் விரல் நின்றது. அங்கே ஒரு வரி இல்லை. ஒரு நிரல் இறங்கிப் போன இடத்தில் இன்னொன்றை எழுதியதும், பழையதை மறந்துவிடு என்று செயலிக்கு, அதாவது ப்ராசசருக்கு, சொல்லும் வரி. மஹதியின் மடிக்கணினிச் செயலி அதைத் தானாகவே செய்துகொள்ளும். அதில் சோதித்துப் பார்த்து வேண்டாத வரி என்று எடுத்திருக்கிறாள். வாடிக்கையாளரின் கருவியில் இருக்கும் செயலி அப்படிச் செய்யாது. புது ஆள் உட்கார்ந்த பிறகும் பழைய ஆளின் பேச்சையே கேட்டுக்கொண்டிருக்கும்.

மஹதியின் கைபேசி அடித்தது. "ஆமாம்பா, இதோ அனுப்பப் போறேன். நீ சொன்ன மாதிரியே அந்தப் பாராவ மாத்திட்டேன். ஆத்துக்கு வந்து சொல்றேன்."

அப்பா. வீட்டில் காபி குடித்துக்கொண்டே நிரலைத் திருத்திக் கொடுக்கும் அப்பா. டீனாவின் அப்பா காஸ்பர் கட்டுமரத்தில் போனவர். அவள் பத்தாவது படிக்கும்போதே இறந்துவிட்டார். கல்லூரி விண்ணப்பத்தைக்கூட அவளேதான் நிரப்பினாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியைத் தாண்டித் திரையை மேலே தள்ளினாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் மஹதி.

"நல்லா இருக்கு," என்றாள் டீனா.

கடிதம் போனது. அதே மாற்றம் வாடிக்கையாளரின் கருவிகளுக்கும் போனது. எழுதியவர் மஹதி. கீழே ஒரு வரி, சோதித்தவர் லாரன்ஸ்.

"ஐயையோ, கணக்குலேர்ந்து தானா எடுத்துண்டுடுத்து," என்று மஹதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அடுத்ததுல மாத்திடலாம், சரியா?"

சாயங்காலம் நொச்சிக்குப்பம் சாலையோரத்தில் அம்மா மர்சலின் கடைசிக் கூறு சங்கரா மீனைத் தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாடி, பேரு வந்துச்சா?"

"வந்துச்சும்மா. லாரன்ஸுன்னு."

"எவன்டி அவன்?"

"எனக்கு முன்னாடி அந்த சேர்ல குந்தினு இருந்தவன்."

"நீ எய்துனதுக்கு அவன் பேரா? வாயில இன்னா, கொயக்கட்டையா வச்சினு இருந்த?" செதில் ஒட்டிய கையால் ஈயை விரட்டினாள். "நானா இருந்தா அங்கியே நாறடிச்சிருப்பேன்."

பன்னிரண்டாம் நாள் வாடிக்கையாளரின் கருவிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நாற்பத்தொரு கருவிகள். தணிகாசலம் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"யார் எழுதினது இது?"

மஹதி தரையைப் பார்த்தாள். "முதல்ல எழுதினது டீனா சார்."

"நான் எழுதுனதுல அந்த லைன் இருந்துச்சு சார்."

"காட்டு."

காட்ட எதுவும் இல்லை. நாலு வாரமும் அவள் படிப்படியாகச் சேமித்த அறுபத்து மூன்று பதிவுகளையும் ஒன்றாக அழுத்தி மஹதியின் பெயரில் ஒரே பதிவாக்கியிருந்தார்கள். அவள் எழுதிவந்த தனிப் பிரதியான கிளையை விதிப்படி அழித்தாகிவிட்டது.

"அந்த லைன நான்தான் எடுத்தேன் சார்," என்றாள் மஹதி. "ஆனா டீனா பாத்துட்டு சரின்னா."

"பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்."

அடுத்த கேள்விக்காக டீனா காத்திருந்தாள். தெரிஞ்சும் ஏன் சொல்லல என்று கேட்பார். கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"சின்ன பொண்ணு, கவனிச்சிருக்க மாட்ட. போய் சரி பண்ணு."

டீனா நாலு நிமிடத்தில் அந்த வரியைத் திரும்ப எழுதினாள். மஹதி தன் பெயரில் அனுப்பினாள். இவ்வளவு வேகமாகக் கண்டுபிடித்ததற்காக எங்கிருந்தோ இரண்டு பேர் மஹதிக்கு நன்றி சொன்னார்கள்.

முப்பத்தொன்றாம் தேதி, மஞ்சள் நாடாவைத் திருப்பிக் கொடுத்த பிறகு, தணிகாசலம் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். பிழை அறிக்கை. பிழைக்குக் காரணமானவர் என்ற கட்டத்துக்கு எதிரே அவள் பெயர். காஸ்பர் என்பதை ரேஷன் கார்டிலிருந்து கல்லூரிச் சான்றிதழ் வரை ஒருவரும் சரியாக எழுதியதில்லை. டீனா ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் பார்த்தாள். லாரன்ஸ் எங்கேயும் இல்லை. டீனா காஸ்பர். ஓர் எழுத்துகூடத் தப்பில்லை.

"கையெழுத்து இங்க," என்று தணிகாசலம் தன் பேனாவை நீட்டினார்.