வலது கைக் காப்பு

என் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நூற்றுக்கு ஒன்பது அளவில்தான் வேலை செய்வதாக டாக்டர் சொன்னார். மீதி எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. பிரஷரைக் கவனிக்காமல் விட்டதுதான் காரணம் என்று அவரே சொன்னார். சில மாதங்களில், வாரம் இரண்டு தடவை மிஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டி வரும். அதற்கு முன்னேற்பாடாகக் கையில் ஓர் ஆபரேஷன். மணிக்கட்டுக்கு மேலே இரத்தம் வரும் குழாயையும் திரும்பிப் போகும் குழாயையும் ஒன்றாகத் தைத்துவிடுவார்கள். இரண்டு மாதத்தில் அந்த நரம்பு தடித்து, பெரிய ஊசி ஏற்றத் தோதாகிவிடும்.

"எந்தக் கையால வேலை செய்வீங்க?"

"இடது."

"அப்ப வலது கையில செய்வோம்."

நான் நொட்டாங்கை. பள்ளிக்கூடத்தில் அதற்கு அடி வாங்கியிருக்கிறேன்.

தை மாதம் கண்டியில் ஆபரேஷன் நடந்தது. இறம்பொடைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் கூட இருக்கிற என் அக்கா வேலாயியிடம் "நரம்பு சுருண்டிருக்காம், நேராக்கிவிட்டாங்க" என்றேன். அக்காவுக்குப் புருஷன் இல்லை, எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவள் கொழுந்து பறிக்கப் போகிறாள், நான் வீட்டில் இருக்கிறேன். அதற்கு முன் தேயிலை ஸ்டோரில் இரவு ஷிஃப்ட் பார்த்தேன். கொழுந்து அரைக்கும் ரோலருக்குப் பக்கத்தில் இரண்டு தடவை மயங்கி விழுந்த பிறகு, போவதை நிறுத்திவிட்டேன். கேட்டவர்களிடம் தேயிலைத் தூசியால் இளைப்பு வருகிறது என்றேன். நம்பினார்கள். ஸ்டோரில் வேலை செய்தவனுக்கு இளைப்பு வருவது புதினமில்லை.

பொய் சொன்னதற்குக் காரணம் பக்கத்து வீட்டு அழகன் அண்ணன். அவருக்கும் இதே வியாதி. தெரிந்த நாளிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக பிஸ்கட் பெட்டியோடு வந்து, அவர் முகத்தைப் பார்த்து அழுதுவிட்டுப் போனார்கள். அவர் சாக எட்டு மாதம் எடுத்தது. எட்டு மாதமும் அது சாவு வீடாகவே இருந்தது. எனக்கு அந்த பிஸ்கட் வேண்டாம் என்று நினைத்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் நுவரெலியாவுக்கு கிளினிக் போக வேண்டியிருந்தது. அங்கே டயாலிசிஸ் அறைக்கு வெளியே ஒரு நீள வாங்கு. முதல் நாள் அதில் உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்த கிழவர் கேட்காமலே என் ஸ்வெட்டர் கையை மேலே ஏற்றித் தையலுக்குப் பக்கத்தில் இரண்டு விரலை வைத்தார்.

"ஓடுது. லொறி நியூட்ரல்ல நிக்கிற மாதிரி நல்லா ஓடுது."

அவர் மாயாண்டி. மரக்கறி லொறி ஓட்டியவர். மூன்று வருடமாக மிஷினில் இருக்கிறார். தன் கையைக் காட்டினார். முழங்கைவரை நரம்பு கயிறு முறுக்கியதுபோலப் புடைத்திருந்தது.

"பாத்துக்க. நீயும் இப்படி அழகாயிருவ."

"மொத நாளே பயங்காட்டாதீங்க டிரைவர்" என்றார் அவருக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா.

"நான் காட்டல முதலாளியம்மா. கைதான் காட்டுது."

அந்த அம்மா இந்திராதேவி. பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிறார்கள். அந்தக் கடைக்குள் நான் ஏறியதே இல்லை. என் வயதையும் பெயரையும் கேட்டார். "சிவகரன்" என்றேன். பிறகு, இந்த வியாதிக்காரர்கள் உருளைக்கிழங்கை வெட்டி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அவித்து, அதையும் கொட்டிவிட்டுத்தான் தின்ன வேண்டும் என்று சொன்னார்.

"அப்பறம் அதுல என்னங்க இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது தம்பி. மெல்லலாம்."

வாரா வாரம் மாயாண்டி என் கையைத் தொட்டுப் பார்த்தார். என் டெலிபோன் நம்பரை வாங்கிக்கொண்டார். காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன் விரல் வைத்துப் பார்க்க வேண்டும், அந்த ஓட்டம் குறைந்தால் அந்த நிமிடமே போன் எடுக்க வேண்டும் என்றார். கிளினிக் நர்ஸ் மிஸ் ஒரு தாள் தந்திருந்தார். அந்தக் கையில் கைக்கடிகாரம் கூடாது, வளையல் கூடாது, பாரம் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது.

காப்பு என்று அதில் இல்லை. அதற்காக, தெரியாமல் நடந்தது என்று சொல்ல மாட்டேன். தெரியும்.

மாசியில் அம்மன் திருவிழா. அக்கா என் இளைப்பு தீர வேண்டும் என்று தீச்சட்டி நேர்ந்து, என் பெயரையும் கொடுத்திருந்தாள். தீச்சட்டி எடுக்கிறவர்கள் முதல் வெள்ளி காப்புக் கட்ட வேண்டும். கட்டினால் ஒன்பது நாள் விரதம். காப்பை அவிழ்க்கக் கூடாது, தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. ஒன்பது நாளுக்குள் ஒரு செவ்வாய் வந்தது. ஒரு கிளினிக்தானே என்று விட்டுவிட்டேன்.

கோயிலில் வரிசையாக நின்றோம். பூசாரி பொன்னையா ஆணுக்கு வலது கையிலும் பெண்ணுக்கு இடது கையிலும் கட்டிக்கொண்டு வந்தார். என் முறை வந்ததும் இடது கையை நீட்டினேன்.

"டேய், நொட்டாங்கை, சாமிகிட்டயுமா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வலது கையைக் கொடுத்தேன். மஞ்சள் தண்ணீரில் ஊறிய நூலை மூன்று சுற்றுச் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கினார். தையல் தழும்புக்கு ஒரு விரல் மேலே விழுந்தது. வலிக்கவில்லை.

சனிக்கிழமை கையில் ஓட்டம் இருந்தது. ஒருவேளை சாப்பாடு, தண்ணீரும் குறைவு. தலை சுற்றியது. ஞாயிறு காலை விரலை வைத்தபோது மிக மெல்லிதாக ஏதோ ஓடியது. என் விரலின் துடிப்பா கையின் துடிப்பா என்று தெரியவில்லை. நூலுக்குள் விரலை நுழைக்கப் பார்த்தேன். நுழையவில்லை. கத்தி அடுப்பங்கரையில் இருந்தது. அக்காவும் அங்கேதான் இருந்தாள். வாசலுக்குப் போய் மாயாண்டிக்குப் போன் எடுத்து, நூல் இறுக்குவதைச் சொன்னேன்.

"வெட்டு" என்றார்.

"சாமிக் காப்புண்ணே."

"யார் கட்டினா என்ன? வெட்டுறா மொதல்ல."

"அக்கா கேப்பா."

"வீட்ல சொல்லவே இல்லியா நீ?" என்றார். பிறகு தோட்டத்தின் பெயரையும் லயத்தையும் கேட்டார்.

நான் வெட்டவில்லை. ஒன்றரை மணித்தியாலம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதற்கு விளக்கம் ஒன்றும் இல்லை.

துணிக்கடை ஆட்டோ லயத்துக்குக் கீழே ரோட்டில் வந்து நின்றது. மாயாண்டி இறங்கினார். பின்னால் இந்திராதேவி அம்மா, நல்ல சேலையில். இருவருக்கும் மேடேறி மூச்சு வாங்கியது. கோயில் வேலையாகப் போய்க்கொண்டிருந்த பத்துப் பேர் நின்றுவிட்டார்கள். மாயாண்டி யாரையும் பார்க்காமல் என் கையைப் பிடித்து, தன் இடுப்பு மடியிலிருந்த பாக்குவெட்டியை எடுத்து நூலை நறுக்கினார். மஞ்சள் துண்டு உருண்டு வாசலில் தண்ணீர் ஓடும் கானில் விழுந்தது.

அக்கா கத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். "யோவ், யாருய்யா நீ? காப்பைப் போய் வெட்டுற? அம்மா சும்மா விடுவாளா?"

மாயாண்டி தன் சட்டைக் கையைச் சுருட்டினார். கூட்டத்தில் ஒருத்தி "ஐயோ" என்றாள்.

"இது மிஷினுக்கு ரத்தம் எடுக்கிற லைன், தாயி. ஒன் தம்பிக்கும் இதேதான் வச்சிருக்காங்க. கிட்னி போயிருச்சு. இளைப்புமில்ல ஒரு மண்ணுமில்ல."

அக்கா அவர் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "என்கிட்டயும் இளைப்புன்னுதானடா சொன்ன" என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குள் யாரோ சொல்லி பூசாரி பொன்னையா வந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். அவர் என் மணிக்கட்டைத் திருப்பித் தழும்பைப் பார்த்தார்.

"இதுக்குத்தான் அந்தக் கையை நீட்டுனியா?"

"ஆமா."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்னடா? பொம்பளைங்களுக்கு இடது கையில கட்டுறேன், ஒனக்குக் கட்ட மாட்டேனா? இல்லன்னா சூலத்துல கட்டிட்டுப் போயிருப்பேன். போன வருசம் கையொடிஞ்சவனுக்கு அப்படித்தான் கட்டுனேன்."

எனக்கு அது தெரியாது. போன வருடம் திருவிழாவுக்கு நான் போகவில்லை. இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தேன்.

"எல்லையைத் தாண்டலாமா சாமி?" என்று அக்கா கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறவனுக்கு எல்லை என்ன? கூட்டிட்டுப் போங்க."

ஆட்டோவில் நான்கு பேர் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். மாயாண்டியின் இரண்டு விரல் வழியெல்லாம் என் கையில் இருந்தது. நுவரெலியாவுக்குள் நுழையும்போது விரலை எடுத்து வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

டாக்டர் காதுக்குழாய் வைத்துக் கேட்டார். ஸ்கேன் செய்தார். இரத்தம் உறைந்து அடைத்துவிட்டது, கண்டிக்குப் பேசினேன், திறக்க வழியில்லை என்கிறார்கள் என்றார். காப்புதான் காரணமா என்று அக்கா கேட்டாள். நூலின் இறுக்கமாக இருக்கலாம், விரதத்தில் பிரஷர் இறங்கியதாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்ததாகவும் இருக்கலாம் என்றார். நல்ல மனிதர். இரண்டையும் செய்தவன் நான்தான்.

அடுத்த ஆபரேஷனுக்குத் திகதி கிடைக்க மூன்று மாதமாகும் என்றார்கள். என் இரத்தப் பரிசோதனை மூன்று மாதம் தாங்கும் நிலையில் இல்லை. பன்னிரண்டாம் நாள் கழுத்தில் ஒரு குழாய் இறக்கினார்கள். அதில் கிருமி ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், குளிக்கும்போது நனையக் கூடாது, காய்ச்சல் வந்தால் ஓடிவர வேண்டும்.

லயத்துக்காரர்கள் வந்தார்கள், பிஸ்கட்டோடுதான். அக்கா வாசலில் நின்றே வாங்கிக்கொண்டு, "தூங்குறான்" என்று அனுப்பிவிட்டாள். நான் உள்ளே விழித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

முதல் டயாலிசிஸ் ஒரு செவ்வாய்க்கிழமை. அக்கா அரை நாள் பேரையும் கூலியையும் விட்டுவிட்டுக் கூட வந்தாள். இந்திராதேவி அம்மா மிஸ்ஸிடம் முன்பே பேசி, தனக்கும் மாயாண்டிக்கும் நடுவில் இருக்கிற மிஷினை எனக்கென்று பிடித்து வைத்திருந்தார். கடையிலிருந்து ஒரு போர்வையும் கொண்டுவந்திருந்தார்.

"ரத்தம் வெளிய போய்ட்டு ஆறி வரும் தம்பி. குளிரும். திருப்பித் தர வேணாம், வச்சுக்குங்க."

குழாயை மாட்டினார்கள். என் இரத்தம் என்னைவிட்டுப் போவதைப் பார்த்தேன். பால் விடாத சாயத்தண்ணியைவிடக் கறுப்பாக இருந்தது.

"அதைப் பாக்காத" என்றார் மாயாண்டி. "மூணாவது மணித்தியாலத்துல கால் பிடிச்சு இழுக்கும். எல்லாருக்கும் இழுக்காது. ஒன்ன மாதிரி புதுசுக்கு இழுக்கும். அப்ப என்ன பண்ணணும்?"

"என்ன பண்ணணும்?"

"கத்தணும். மிஸ் வந்து மிஷினைக் குறைப்பாங்க. பல்லக் கடிச்சுட்டு வீரன் மாதிரி கெடந்தேன்னா மயங்கிருவ. இங்க ரெண்டு பேரு அப்படி மயங்கியிருக்காங்க."

"அதுல ஒருத்தர் இவர்தான்" என்றார் இந்திராதேவி அம்மா.

"நான் அப்ப தூங்கிட்டேன், முதலாளியம்மா."

"கண்ணைத் தொறந்துக்கிட்டா தூங்குவாங்க?"

இரண்டு மணித்தியாலம் ஒன்றுமில்லை. அவர்கள் மார்க்கெட்டில் லீக்ஸ் விற்கிற விலையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு இருவரும் தூங்கிவிட்டார்கள். சொன்னபடி மூன்றாவதில் இடது கெண்டைக்கால் உள்ளே முறுக்கத் தொடங்கியது. பல்லைக் கடித்தேன். முறுக்கு தொடைக்கு ஏறியது. மிஸ் அறையின் அந்தக் கோடியில் முதுகைக் காட்டி எழுதிக்கொண்டிருந்தார்.

கத்தினேன். இரண்டு பேரும் திடுக்கிட்டு விழித்தார்கள். வெளியே வாங்கில் இருந்த அக்காவுக்கும் கேட்டதாம்.