‘துணை’ என்று தலைப்பிட்ட படம்

1

இந்தக் கதை எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. திருகோணமலையில் பொழுதுபோக்காகப் படமெடுப்பவர்கள் சேர்ந்து நடத்தும் குழு அது. வாரம் ஒரு தலைப்பு, ஆளுக்கொரு படம். ஒரு பல் வைத்தியர், வங்கியில் வேலை செய்பவர்கள், சல்லியிலிருந்து ஒரு மீன் வியாபாரி என்று கலவையான கூட்டம். நான் போனில் பூனையைப் படம்பிடிக்கிற இனம். எழுதுகிறவன் என்ற மரியாதைக்காக வைத்திருக்கிறார்கள். அந்த வாரத் தலைப்பு ‘நீள லென்ஸ்’.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘கிண்ணியாப் பாலத்தின் மேல் அந்தி சிவந்துகொண்டிருந்தபோது, அவனும் அவளும்…’

நிறுத்திவிட்டேன். இந்த ‘உம்’ இருக்கிறதே, பொல்லாத சொல். இரண்டு தடவை போட்டால் போதும், ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேரைச் சேர்த்துக் கட்டிவிடும். றிஷானாவுக்கு நடந்ததும் இதுதான்.

2

படத்தை எடுத்தவர் ஸுஹைர். மருந்துக்கடைக்காரர், சாதுவான மனிதர். புதிதாக வாங்கிய நீள லென்ஸைப் பாலத்தின் ஒரு முனையில் ஊன்றி, மறுமுனையைப் பார்த்து அடித்திருந்தார். கைப்பிடியில் சாய்ந்து தண்ணீரைப் பார்க்கிறாள் ஒரு பெண், றிஷானா. அவள் தோளோடு தோளாக ஓர் ஆண்.

(படமெடுக்காதவர்களுக்கு ஒரு குறிப்பு: நீள லென்ஸ் தூரத்தைத் தின்னும். முன்னே நிற்பவரையும் வெகு பின்னே நிற்பவரையும் ஒட்டவைத்துக் காட்டும். அந்த இரண்டு பேருக்கும் இடையில் உண்மையில் நாலைந்து பஸ்களை வரிசையாக நிறுத்தலாம். பாலத்து விளக்குக் கம்பங்கள்கூடப் படத்தில் பெட்டிக்குள் தீக்குச்சி மாதிரி நெருக்கியடித்து நின்றன. எங்கள் குழுவுக்கு இது அரிச்சுவடி. ஊருக்கோ, படத்தில் இருந்தால் அது நடந்தது.)

படத்துக்கு ஸுஹைர் வைத்த தலைப்பு: ‘துணை’.

அறியாத இருவர் ஒரே அந்தியைப் பார்ப்பதும் ஒரு துணைதானே என்று பிறகு விளக்கம் சொன்னார். லென்ஸ் பாதித் தூரத்தைத்தான் தின்றது. மீதியைத் தின்றது தலைப்பு. குழுவை நடத்தும் கீர்த்தனி ரீச்சர் அந்தப் படத்துக்கு முதலிடம் கொடுத்தார். யாரோ வெளியே அனுப்பினார்கள். ஒரு வாரத்துக்குள் அது டோஹாவில் வேலை செய்யும் சஜீத்தின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. சஜீத், றிஷானாவின் கணவன்.

3

அந்த ஆணைப் பற்றி. அவன் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. கதைக்கு ஆகாதே என்று முதல் வரைவில் சுகிர்தன் என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்த அடுத்த வரியிலேயே அவள் பக்கம் திரும்பிவிட்டான். இன்னும் இரண்டு வரி விட்டிருந்தால் பேசியிருப்பான். அடித்துவிட்டேன். அவனுக்குப் பெயர் கிடையாது.

றிஷானா அங்கே ஏன் நின்றாள்? உம்மாவுக்குச் சுகமில்லை, வந்த ஆட்டோ பழுதாகிவிட்டது என்றெல்லாம் எழுதி, அதையும் கிழித்தேன். காரணம் கண்டுபிடிக்கப் போனால் நானும் விசாரிக்கிறவனாகிவிடுவேன். காற்று வாங்க நின்றாள். பாலம் பொதுப் பாலம்.

4

சஜீத் வந்தான். வந்த அன்றே மகள் அசனாவைத் தூக்கிக்கொண்டுபோய்த் தோப்பூரில் தன் தாயிடம் விட்டான். றிஷானா மருந்துக்கடைக்குப் போனாள். ஸுஹைரை அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்றுதான் கூப்பிடுவாள்.

“நானா, நீங்க எடுத்த படம். நீங்களே வந்து சொல்லுங்க. புள்ள அங்க சாப்பிடுதும் இல்லயாம்.”

“நான் அத அழிச்சிட்டன் தங்கச்சி.”

“நீங்க அழிச்சீங்க. ஊர் அழிக்கல்லயே.”

அதே வாரம் குழுவில் புதிய தலைப்பு. எங்கேயோ வெளிநாட்டுத் தளத்தில் பார்த்த ‘ட்ரான்ஸ்பேரன்சி’யைக் கீர்த்தனி மொழிபெயர்த்து ‘ஒளிவுமறைவின்மை’ என்று போட்டார். “ஆரை எடுக்கிறது ரீச்சர், அரசியல்வாதியையோ?” என்று பல் வைத்தியர் கேட்டார். சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. “ஐயோ, பிழைச்சுப்போச்சு. கண்ணாடி மாதிரிச் சாமான் எண்டுதான் சொல்ல வந்தனான்” என்று ‘ஊடுதெரிதல்’ ஆக்கினார். தண்ணீர்க் கிளாஸ், இறால் குஞ்சு, மழை பட்ட ஜன்னல் எல்லாம் வந்தன. முதல் சொல்லை றிஷானாவிடம் ஊரே கேட்டுக்கொண்டிருந்தது என்று ஒருவரும் மூச்சு விடவில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

5

முடிவு அ: [சஜீத் உண்மையை உணர்ந்து, கண்கலங்கி…] அப்படிக் கலங்குகிற கண்ணை நான் கண்டதில்லை.

முடிவு ஆ: [றிஷானா கைப்பிடியில் ஏறி…] மாட்டேன். துறைமுகம் உள்ள ஊரில் ஒரு பெண்ணைத் தண்ணீருக்குள் அனுப்புவது எழுதுகிறவனுக்கு மிகச் சுலபம்.

முடிவு இ: ஸுஹைர் சஜீத்தைப் பாலத்துக்குக் கூட்டி வருகிறார். அதே முனை, அதே லென்ஸ். றிஷானா தூரத்தில், அன்று நின்ற இடத்தில் நிற்கிறாள். அந்த ஆணின் இடத்துக்கு ஓர் ஆள் வேண்டும். நானே போய் நிற்கிறேன், கதையில் எனக்கும் ஒரு வேலை இருக்கட்டும்.

சஜீத் கமராவுக்குள் பார்க்கிறான். நானும் றிஷானாவும் தோளோடு தோள். (மறுபடி அந்த ‘உம்’.) கண்ணை எடுத்துப் பார்க்கிறான். எங்களுக்கு நடுவால் ஆடுகள் போகின்றன. இரண்டு தடவை, மூன்று தடவை பார்க்கிறான்.

“விளங்குது நானா. தூரமாத்தான் நிண்டிருக்காங்க.”

ஸுஹைருக்கு உயிர் வருகிறது.

“ஆனா இது படம் எடுத்த அந்த நேரத்துக்குத்தானே? அதுக்கு முன்னுக்கு? அதுக்குப் பொறகு?”

எந்தக் கமராவிலும் அதற்குப் பதில் இல்லை. சஜீத் மறுபடி குனிந்து பார்க்கத் தொடங்குகிறான்.

6

இவ்வளவு தூரத்தில் நிற்கும் றிஷானாவுக்கு இந்தக் கதை எதுவும் கேட்கவில்லை. அவன் “விளங்குது” என்று தலையசைத்தது மட்டும் தெரிந்திருக்கிறது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, யாராவது வந்து சொல்வார்கள் என்று பார்த்து நிற்கிறாள். ஸுஹைர் தரையைப் பார்க்கிறார். என்னால் போக ஏலாது. நான் நிற்பது அந்த ஆணின் இடம். அவள் பக்கம் ஓர் அடி வைத்தாலும் சஜீத் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஆகவே வாசிக்கிற நீங்கள்தான் போய்ச் சொல்லவேண்டும். பெண்ணாக இருந்தால் நல்லது. பாலம் நீளம், காற்று பலம், மெதுவாகப் போங்கள். நீங்கள் கிட்டப் போவதற்குள்ளேயே அவள் கேட்டுவிடுவாள்:

“புள்ளயத் தாறாராமா?”