கொழுந்து மாடியில் பதினோரு பிள்ளைகள்

குழந்தைகளைக் குளிரில் நிறுத்தக் கூடாது என்று நீலகண்ட பிள்ளை விளக்கிக்கொண்டிருந்தபோது காலை ஆறரை மணி. இடம் நெட்டமலைத் தேயிலை எஸ்டேட்டின் பெரட்டுக் களம். காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புகிற வெட்டவெளி அது. தை மாதம் பிறந்து நான்கைந்து நாள் ஆகியிருந்தது. புல்லின் மேல் உப்பைத் தூவியதுபோல் உறைபனி. அறுபது பெண்கள் நின்றார்கள். பதினோரு பேர் இடுப்பில் பிள்ளை. நாற்பது நிமிடமாக நிற்கிறார்கள்.

நீலகண்ட பிள்ளை எஸ்டேட்டின் வெல்ஃபேர் ஆபீசர். தொழிலாளர் நலத்தைக் கவனிக்க ஓர் ஆபீசர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. சட்டத்துக்குப் பின்னால் இவர் வந்தார், நாகர்கோவிலிலிருந்து, மூன்று பெட்டிகளோடு. அவற்றில் இரண்டு பெட்டிக் கம்பளி உடுப்பு இப்போது அவர் மேல் இருந்தது. முழங்கால் வரை ஓவர்கோட்டு, கழுத்தில் இரண்டு சுற்று மஃப்ளர், காதை மூடிய குல்லாய், கையுறை. வெளியே தெரிந்தவை மூக்கும் கருத்துகளும் மட்டுமே.

"சிசுக்களின் நெஞ்சு மிகவும் மென்மையானது. பனிக்காற்று அதற்குப் பரம சத்துரு. ஆகையால் தாய்மார்களாகிய நீங்கள் அதிகாலையில் சிசுக்களை வெளியே கொண்டுவருவதை அறவே தவிர்க்க வேண்டும்."

கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டியபடி நின்ற குருவம்மாள் கேட்டாள்: "அப்ப நாங்க போகலாமாங்கய்யா?"

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. கங்காணி பெரியமுத்து, "ஏய், சும்மா இருங்க" என்று அதட்டிவிட்டு, தன் சிரிப்பை மறைக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் நான்கு விதிகள் இருக்கின்றன" என்றார் ஆபீசர்.

குருவம்மாளின் இடுப்பில் இருந்தவன் சோலை. எட்டு மாதம். மூன்று நாளாக இருமல். முதல் நாள் மூக்கில்தான் இருந்தது; இப்போது நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சிவப்புத் தண்ணீர் ஒரு குப்பி கொடுத்து, "சூடா வச்சுக்கோ. பொகை ஆகாது. ஈரக்காத்து ஆகாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறையில் அடுப்பை மூட்டினால் புகை. மூட்டாவிட்டால் குளிர். வேலைக்காட்டில் ஈரம். வீட்டில் பிள்ளையோடு இருந்துவிடலாமென்றால், தொடர்ந்து மூன்று நாள் வராதவள் பேரைப் பெரட்டில் கூப்பிட மாட்டார்கள். அறையையும் காலி செய்யச் சொல்வார்கள். புகையும் குளிரும் ஈரமும் இல்லாத இடம் எங்கே இருக்கிறது என்று கம்பவுண்டர் சொல்லவில்லை. அது மருந்துச் சீட்டில் எழுதுகிற விஷயம் அல்ல.

அப்படி ஓர் இடம் எஸ்டேட்டில் இருக்கத்தான் செய்தது. ஓட்டுக்கூரை, பலகைத் தரை, கண்ணாடிச் சன்னல், மூலையில் கரியடுப்பு. தாய்மார் கொழுந்து பறிக்கும் நேரத்தில் பிள்ளைகளை விட்டுவைக்கும் பிள்ளைக்கொட்டகை அது. பார்த்துக்கொள்ள ஆயா செபமாலையம்மாள் இருந்தாள். பதினோரு பிள்ளைகளின் அழுகையையும் சன்னலுக்கு வெளியே நின்றே பேர் சொல்லிப் பிரித்துவிடுகிறவள்.

ஆனால் கொட்டகை பூட்டியிருந்தது. ஏழு நாளாக.

அன்று வெள்ளிக்கிழமை; திருவனந்தபுரத்திலிருந்து பெரிய இன்ஸ்பெக்டர் வருகிற நாள். எஸ்டேட்டுகள் குளிர்காலத்தில் குழந்தைகளை எப்படிப் பேணுகின்றன என்று பார்ப்பதற்காகவே வருகிறார். செய்தி கிடைத்ததும் நீலகண்ட பிள்ளை கொட்டகைக்கு வெள்ளையடித்தார். சுண்ணாம்பு இரண்டே நாளில் காய்ந்துவிட்டது. ஆனால் பிள்ளைகள் சுவரில் கை வைப்பார்கள், தரையை நனைப்பார்கள், அவர்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. எனவே இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டுப் போகும்வரை உள்ளே பிள்ளைகள் கூடாது என்று முடிவாயிற்று. இருபத்துநான்கு நீலக் கம்பளிச் சட்டைகள் வாங்கி, அந்துருண்டை போட்டு, கொட்டகை அலமாரியில் அடுக்கப்பட்டன. வாசலுக்கு மேலே, ‘குளிர்கால சிசு சம்ரட்சணை: பன்னிரண்டு விதிகள்’ என்று சிவப்பு எழுத்தில் பலகை ஏறியது. எழுதப் படிக்கத் தெரியாத பதினோரு தாய்மாரும், இன்னும் பல் முளைக்காத சிலரும், தினமும் அதைக் கடந்து பனியில் போனார்கள்.

"சாவி யாருட்ட இருக்கு அக்கா?" என்று குருவம்மாள் செபமாலையம்மாளிடம் கேட்டாள்.

"அவரு கோட்டுப் பையில. ராத்திரி படுக்கையிலயும் கோட்டக் கழட்ட மாட்டாராம்லா. ஏழு நாளா நான் பூட்டுக்கு ஆயாவா இருக்கேன். தாலாட்டுனா தூங்கவும் மாட்டேங்குது."

குருவம்மாள் ஆபீசரை நேரிலும் கேட்டுப் பார்த்தாள். "எம்பிள்ளைய மட்டும் ஒரு மூலையில போட்டுக்கிடுதேன்ங்கய்யா. சொவரத் தொட மாட்டான். இன்னும் தவழவே இல்ல."

"இருமுகிற குழந்தையை உள்ளே விடக் கூடாது. ஏழாம் விதி" என்றார் அவர், வருத்தத்துடன். தாம் எழுதிய விதிக்குத் தாமே கட்டுப்பட வேண்டியிருக்கிற வருத்தம் அது.

அன்று காலை ஃபாக்டரிக்குக் கீழே உள்ள காட்டில் பறிப்பு. பத்து மணிக்கு இலையில் தண்ணீர் சொட்டுகிற தேயிலைச் செடிகளுக்கு நடுவே தூளி கட்டியிருந்த மரத்தடிக்குக் குருவம்மாள் போனாள். சோலை அழவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. உதட்டோரம் கறுத்து, மூச்சு முனகலாக வந்தது. தூளித் துணி பிழிந்தால் சொட்டும்போல் நனைந்திருந்தது. அவள் பிள்ளையை ரவிக்கைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்து, மேலே முந்தானையைச் சுற்றிக்கொண்டு, கூடையோடு நிறுவைக்குப் போனாள். அன்றைக்கு நிறுவை ஃபாக்டரி வாசலில்.

வாசலில் நின்றபோது அவள் முகத்தில் இதமான காற்று பட்டது. மாடியிலிருந்து வந்த காற்று.

பறித்த கொழுந்தை உடனே அரைக்க முடியாது. ஃபாக்டரி மாடியில், வரிசை வரிசையாகச் சணல் துணி இழுத்துக் கட்டிய தட்டுகளில் பரப்பி வாட வைக்க வேண்டும். அதிகக் குளிரும் ஆகாது, அதிகச் சூடும் ஆகாது. அதற்காகக் கீழே உலையில் விறகு எரித்து, அந்தச் சூட்டைப் பெரிய காற்றாடி வைத்து மாடிக்கு ஊதுவார்கள். புகை ஒரு பொட்டுக்கூட வராது. வந்தால் தேயிலை நாறும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓர் ஆள் போய்ச் சூடுமானியைப் பார்த்து எழுதிவைப்பான். பனிக்காலத்தில் கொழுந்து குறைவு என்பதால் பாதிக்கு மேல் தட்டுகள் காலியாகக் கிடந்தன. காலித் தட்டுகளுக்கும் சூடு ஊதிக்கொண்டிருந்தது.

குருவம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். எடை போடவில்லை. படியேறினாள்.

"ஏ மதினி, எங்க போற? பொம்பளயாளு அங்கன போகக் கூடாது!" என்று பெரியமுத்து கத்தினார்.

"வேணும்னா என்னையும் நிறுத்துப் போட்டுக்கிடுங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் போய்விட்டாள்.

ஒரு காலித் தட்டில் பிள்ளையைக் கிடத்தி, ஈரத்தை அவிழ்த்து, தன் மேலே போட்டிருந்த கம்பளியின் காய்ந்த பக்கத்தால் சுற்றினாள். கொஞ்ச நேரத்தில் படியில் செபமாலையம்மாளின் மூச்சிரைப்பு கேட்டது. இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகள். "நல்ல எடம் பாத்தே, போ. காட்டுல தூளியில கெடந்த மிச்சப் பிள்ளைக எல்லாம் வந்துக்கிட்டு இருக்கு." அரைமணி நேரத்தில் பதினோரு பிள்ளைகளும் சணல் தட்டுகளில் வரிசையாகக் கிடந்தார்கள். பக்கத்துத் தட்டில் முதல்தரக் கொழுந்து.

டீமேக்கர் கொச்சுண்ணி வந்து பார்த்தார். தேயிலை ருசியில் தம் நாக்கை மிஞ்சிய நாக்கு கிழக்கே கல்கத்தா வரை இல்லை என்று நம்புகிறவர். அந்த நாக்கு இப்போது மலையாளத்துக்குத் தாவியது.

"எந்தா இது? என்றெ தெய்வமே! இதுக மூத்திரம் பெய்ஞ்சா? டீயில வாசனை ஏறுமே! லண்டன்ல யாரு குடிக்கும்?"

"எலைக்குச் சளி புடிக்காம மாடி கட்டி, காத்தாடி வச்சு, சூடு ஊதுறீக" என்றாள் குருவம்மாள். "ரெண்டு மணிக்கு ஒருக்கா ஆளு வந்து பாக்கான். எம்பிள்ளை மூணு நாளா மூச்சுக்கு முட்டுறான். அவன ஒருத்தன் வந்து பாத்தானா? எல கருகிச்சுன்னா இத்தன பேரு ஓடி வருவீகல்லா?"

கொச்சுண்ணி நனைந்த தட்டைத் தேடிக்கொண்டிருக்கையில் கீழே ஜீப் நின்றது.

இன்ஸ்பெக்டர்கள் குழந்தைகளைப் பார்க்க வந்தாலும் முதலில் ஃபாக்டரிக்குத்தான் போவார்கள். நல்ல தேநீர் அங்கேதான் கிடைக்கும். எஸ்டேட்டை நிர்வகிக்கும் துரை முன்னால், இன்ஸ்பெக்டர் நடுவில், ஓவர்கோட்டு பின்னால். மூவரும் மாடியேறி நின்றார்கள். ஒரு பிள்ளை தும்மியது.

"இது என்ன ஏற்பாடு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

நீலகண்ட பிள்ளை ஒரு கணம்தான் தடுமாறினார். "உஷ்ண சம்ரட்சணை சார். நமது எஸ்டேட்டின் சொந்த யோசனை. பரீட்சார்த்தமாக..."

"பேஷ்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பொய்யிங்க சாமி" என்றாள் குருவம்மாள். "நீங்க பாக்கணும்னு கொட்டகைக்கு வெள்ளையடிச்சுப் பூட்டிட்டாக. பிள்ளைகள ஏழு நாளா பனியில போட்டிருக்கோம்."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார்; பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு எஸ்டேட்டுகள் பாக்கி. "தாய்மார்களுக்கு இன்னும் போதனை வேண்டும்" என்று ஆபீசரிடம் சொல்லிவிட்டு, கொட்டகையைப் பார்க்கப் போனார். அங்கே கறையில்லாத சுவரையும், மடிப்புக் கலையாத இருபத்துநான்கு சட்டைகளையும், குழந்தையே இல்லாத தரையின் பளபளப்பையும் பார்த்து மனம் நிறைந்து, புத்தகத்தில் ‘மிக மிகத் தூய்மை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜீப் புறப்பட்டது.

பிள்ளைகளுக்கு நியாயம் செய்தது தேயிலைதான். கொச்சுண்ணி துரையிடம் ஓடி, மூன்றாம் தட்டு ஏற்கெனவே நனைந்துவிட்டது என்றும், இன்னும் ஆறு தட்டாவது நனையும் என்றும், சரக்கில் வாடை ஏறினால் தாம் பொறுப்பில்லை என்றும் சொன்னார். ஏழு நாள் பனியும் ஒரு பிள்ளையின் கறுத்த உதடும் எட்டாத காதுக்கு அது உடனே எட்டியது. கொட்டகையை இப்போதே திறக்கும்படி உத்தரவு வந்தது.

நீலகண்ட பிள்ளை சாவியை நீட்டியபடி படியில் நின்றார். "எல்லோரும் வரலாம். குழந்தைகளின் கால்களைத் துடைத்துவிட்டு..."

செபமாலையம்மாள் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். "மொதல்ல அடுப்பு பத்தட்டும். அலமாரிச் சட்டை பூராவும் வெளிய வரட்டும், அந்துருண்டை வாசம் போக உதறி. அப்புறம் பிள்ளைக வரும்."

ஒரு மணி நேரத்தில் கரி கனன்றது. பெண்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நீலச் சட்டைகள் எல்லாம் பெரிது. கை தொங்கியது, பிள்ளைகள் அதைச் சப்பினார்கள்.

குருவம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை. இந்தச் சூட்டிலிருந்து அந்தச் சூட்டுக்குப் போக நடுவில் ஒரு பர்லாங்கு பனி இருந்தது.

கொச்சுண்ணி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை ஒரு கெட்டிலில் வெந்நீரும், யாரோ மறையூரிலிருந்து கொண்டுவந்த வெல்லத்தில் ஓர் உடைசலும் கொண்டுவந்து வைத்தார். குரல் தணிந்திருந்தது. "இன்னும் எத்தர நேரம் ஆகும், அம்மா?"

"எனக்குத் தெரியாது சாமி. அவன் நெஞ்சுட்டக் கேளுங்க."

சுற்றிலும் ஆள் இருக்கிறார்களா என்று டீமேக்கர் ஒரு தடவை பார்த்தார். பிறகு முழங்காலிட்டு, சணல் தட்டின் மேல் குனிந்து, பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தார். வெகுநேரம் காதை எடுக்கவில்லை.

"கரகரப்பு உண்டு" என்றார். "பட்சே, இழுப்பு குறைஞ்சிருக்கு. கிடக்கட்டும்."

எழுந்து போய், சூடுமானி பார்க்கிற ஆளைக் கூப்பிட்டு, காற்றாடியை நிறுத்தாதே என்றார்.