ஒன்பதாவது கேள்வி

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாள் முதல் எங்கள் வீட்டில் சுகமா, சாப்பிட்டாயா, நித்திரையா எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வசனம்தான்: "குளிசை போட்டனியோ?" விடிய எழும்பினால் அது. கிணற்றடியில் கொஞ்சம் பலமாகச் சிரித்தால் அது. சிரிக்காமல் இருந்தாலும் அதுதான். கனடாவில் இருக்கும் அண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு கோல் எடுப்பார். "உவள் ஒழுங்காக் குளிசை போடுறாளோ?" என்று அவர் கேட்பது அடுத்த அறையில் இருக்கும் எனக்கே கேட்கும். போனை என்னிடம் கொடுக்கச் சொன்னது கிடையாது. போடுகிறேன் ஐயா, டொக்டர் தந்த மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன். உதயகலா என்றால் குளிசை மட்டும்தானா என்பதுதான் என் கோபம்.

வருத்தத்தின் பெயர் பைபோலர் என்று டொக்டர் சொன்னார். அது உச்சிக்கு ஏறியபோது நான் செய்ததை மறைத்துப் பயனில்லை, கொடிகாமத்தில் அதை அறியாதவர் இல்லை. போன ஆவணியில், மூன்று நாள் நித்திரை இல்லாமல், குங்குமச் சிமிழும் கையுமாக எங்கள் ஒழுங்கையில் இருக்கிற முப்பத்தொரு வீட்டுக்கும் போய் என் கலியாணத்துக்குச் சொல்லிவிட்டு வந்தேன். எல்லாம் சரி, மாப்பிள்ளைதான் இல்லை. ஞாயிறு காலை சனம் பட்டுச்சேலையும் வேட்டியுமாகப் படலையடியில் வந்து நின்றபோது அம்மா விளக்குமாறும் கையுமாக முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். அன்று பின்னேரமே என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஏழு கிழமையில் நான் திரும்பி வந்தேன். சனம் திரும்பி வரவில்லை. எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்கு வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும், சொல்லாத இடத்துக்குப் போகக்கூடாது. எங்களுக்குச் சொல்ல யாரும் வருவதில்லை.

மாசி மாதக் கிளினிக்கில்தான் கஜந்தினியைக் கண்டேன். ஆஸ்பத்திரியால் வீடு திரும்பியவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஓர் ஆய்வு செய்கிறார்களாம், அதற்கு ஆள் சேர்க்கிற பிள்ளை. சேருகிறவர்களை இரண்டாகப் பிரிப்பார்கள். முதலாம் பிரிவுக்கு ஒரு வருடம் வியாழக்கிழமை தோறும் மூன்று மணிக்கு போன் எடுத்து அரை மணித்தியாலம் கதைப்பார்கள். இரண்டாம் பிரிவு வழக்கம்போல் கிளினிக்குக்கு வந்து மருந்து எடுத்துக்கொண்டு போகலாம், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஒரு படிவம் நிரப்பினால் போதும். விருப்பம் இல்லாவிட்டால் எப்போதும் விலகலாம், வைத்தியத்தில் ஒரு மாற்றமும் வராது என்று இரண்டு தரம் சொன்னாள். என் காதில் விழுந்தது வியாழக்கிழமையும் அரை மணித்தியாலமும்தான். உடனே கையெழுத்து வைத்தேன்.

முதலில் இருபத்திரண்டு கேள்விகள். ஒன்பதாவது கேள்வி, கடந்த கிழமை, அந்த ஏழு நாளில், என்னைத் தேடி வீட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது.

"கறண்ட் மீற்றர் பாக்கிறவரைச் சேக்கலாமோ?" என்றேன்.

"உங்களோடை கதைச்சவரோ, அக்கா?"

"ஓம். நாய் கட்டியிருக்கோ எண்டு கேட்டவர்."

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், கிளினிக் வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். அவள் குளிசை போட்டேனா என்று கேட்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவளைக் கட்டிப்பிடித்து அழலாம்போல் இருந்தது.

பிறகு ஒட்டிய கடித உறை ஒன்றை எடுத்தாள். எந்தப் பிரிவு என்று அதற்குள் இருக்கிறதாம், அவளுக்கே தெரியாதாம். கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதுபோலத்தான். பிள்ளையாரே, முதலாம் பிரிவு, வேறொன்றும் கேட்கமாட்டேன் என்றேன்.

"இரண்டாம் பிரிவு, அக்கா."

"வேறை ஒண்டை உடைச்சுப் பாக்கேலாதோ?" வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"ஏலாதக்கா. ஆய்வு பிழைச்சுப்போகும். இரண்டாம் பிரிவு ஆக்களும் வேணும். கதைக்காமல் விட்டால் என்ன நடக்குது எண்டு தெரிஞ்சாத்தானே, கதைச்சதாலை என்ன பலன் எண்டு தெரியும்."

கதைக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று காட்டுவதற்கு நான். அதில் என்னைவிடக் கெட்டிக்காரி தென்மராட்சியில் இருக்கமாட்டாள். விலகவில்லை. அடுத்த முறை நிரப்ப வேண்டிய, அதே இருபத்திரண்டு கேள்வியும் உள்ள படிவத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி, சாவகச்சேரி தாண்டும்வரை அழுதேன். பக்கத்தில் இருந்த மனிசி யன்னலை விட்டுத் தலையைத் திருப்பவேயில்லை.

அடுத்த வியாழன் மூன்று மணிக்கு அந்தப் படிவத்தோடு போனுக்கு முன்னால் போய் இருந்தேன். அடிக்காது என்று தெரியும். தெரிந்துதான் இருந்தேன். அம்மா நிலத்தில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார்.

"உதென்ன பேப்பர்? குளிசை போட்டனியோ?"

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "எந்த நேரமும் நீங்களே என்னைக் கேக்கிறியள். இண்டைக்கு நான் கேக்கிறன். முதலாவது: ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம் நித்திரை கொள்ளுறியள்?"

"எனக்கென்ன வருத்தமே?"

"சொல்லுங்கோ."

"ரெண்டு, மூண்டு. நீ எழும்பி நடக்கிற சத்தம் கேக்குதோ எண்டு பாத்துக்கொண்டு கிடப்பன்."

என் சுருதி இறங்கிவிட்டது. ஆனாலும் தொடங்கியதை விட முடியவில்லை. எட்டாவது வரை மிச்சக் கேள்விகளுக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார்.

"ஒன்பதாவது. போன கிழமை உங்களைத் தேடி எத்தினை பேர் வந்தவை?"

அம்மா உருவிய இலையைச் சுளகில் போட்டார்.

"ஆர் வருவினம், பிள்ளை?" என்றார். பிறகு இலையைப் பார்த்தபடியே சொன்னார்: "தையிலை சின்னாச்சியக்கா வீட்டிலை பேத்தி பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு. மேளச்சத்தம் இஞ்சை வரைக்கும் கேட்டது. நான் சேலையைக் கட்டிக்கொண்டு இருந்தனான். நாப்பது வருசப் பழக்கம், கடைசி நேரத்திலையெண்டாலும் ஆரும் ஓடிவந்து சொல்லுவினம் எண்டு."

அந்தச் சேலை எனக்கு ஞாபகம் வந்தது. நாவல் நிறப் பட்டு. கோயிலுக்குப் போகப்போகிறார் என்று நினைத்தேன். பின்னேரம்வரை அதோடேயே கதிரையில் இருந்தார், பிறகு அவிழ்த்து மடித்து வைத்தார். என்னம்மா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைக் கேட்க ஒருவரும் இல்லை என்று உலகத்தோடு கோபித்துக்கொண்டு பக்கத்து அறையில் படுத்திருந்தேன்.

பேனையை எடுத்தேன், வைத்தேன்.

அம்மா முருங்கையிலைச் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தார்.

"இன்னும் எத்தினை கேள்வி இருக்கு?"

"பதின்மூண்டு."

"கேள்," என்றார்.