இடுப்பு வரை வந்தவர்

செத்துப்போன கணவர் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது இடுப்பு வரைதான் வந்தார். சுருட்டு அவ்வளவு மட்டம். அவர் மிச்சம் வைத்துப் போனதை வீணாக்குவானேன் என்று தையற்காரி பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுத்தாள். புகை நேரே நாற்காலியில் போய்க் குவிந்து, தோளும் வழுக்கையுமாக அவரே ஆகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவரைச் சுருட்டும் கையுமாகத் தெருவுக்கு விரட்டியவள், அவசர அவசரமாக ஜன்னலைச் சாத்தினாள்.

அரை ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மறுநாளே கடைக்குப் போய், இருப்பதிலேயே உசத்தியானதைக் கேட்டு, தங்கக் காகிதம் சுற்றிய சுருட்டுப் பெட்டியை வாங்கி வந்தாள். அன்று கணவர் செருப்புக் காலோடு முழுசாக வந்து, "மழை வரும்போல இருக்கு" என்றார். உயிரோடிருந்தபோதும் அதற்கு மேல் பேசியவரில்லை.

சில வருடங்கள் நல்லபடியாகப் போயின. பிறகு விலை ஏறியது, தங்கக் காகிதம் அகலமானது, கணவர் மெலிந்தார். கண்ட இலையையும் கலந்து உருட்டுகிறார்கள் என்று ஊரில் பேச்சு. ஒருநாள் வேறு யாருடைய மூக்கோடோ வந்து உட்கார்ந்து, "நீங்க யாரும்மா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"போன பெட்டியில வந்தவர் என் வீட்டுக்காரர் இல்ல" என்றாள் கடையில்.

"இந்த வருஷம் எல்லாருக்கும் அப்படித்தாம்மா. பிரிச்ச பெட்டிய திருப்பி எடுக்கமாட்டோம்" என்றார் கடைக்காரர்.

அவள் மூலைத் தட்டில் கிடந்த பெயரில்லாத சுருட்டுகளைக் கிளற ஆரம்பித்தாள். துணி பார்த்துப் பழகிய விரல்கள். அமுக்கினால் உள்ளே கட்டி தட்டியதை ஒதுக்கினாள்; காய்ந்து நொறுங்கியதை ஒதுக்கினாள்; மேலிலையில் நரம்பு புடைத்திருந்ததை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு பிடிதான் தேறியது.

"அதுக்கெல்லாம் பேரே கிடையாதும்மா."

"பேர வச்சு நான் என்ன பண்ணப்போறேன்?"

முதல் சுருட்டில் முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் வந்து, வீடு மாறி வந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். இரண்டாவதில் கணவர் வந்தார், சொந்த மூக்கோடு. அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன பழக்கம் இது? உடம்புக்கு ஆகாது, விட்டுடு."

"சரிங்க" என்று சொல்லி, புகைமேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுருட்டை மட்டும் கீழே வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் சாயங்காலம் தவறாமல் வந்தார். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வரும் பெண்கள்தான், உள்ளே ஆம்பளை உட்கார்ந்திருக்கிறாரே என்று, சுருட்டு அணையும்வரை வாசலில் நின்றார்கள்.