வாயாடிக்குப் பிண வேஷம்

வாயாடி என்று தெருவே கூப்பிடும் ஒருத்திக்குப் பிண வேஷம் கொடுக்கிற மனிதரை என்னவென்று சொல்வது? நாடக வாத்தியார் அப்பேர்ப்பட்டவர். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாக நாடகம் சொல்லிக்கொடுத்து, தேறுகிற ஒரே ஒருவரைப் பெரிய நாடகப் பள்ளிக்கு அனுப்புவார். அங்கே தங்க இடமும் சாப்பாடும் போட்டு மூன்று வருடப் படிப்பு. "வாயை மூடிக்கிட்டு நீ கிடந்துட்டா, இடம் உனக்குத்தான்" என்று அவளிடம் சொல்லியிருந்தார். கிடக்காவிட்டால் சலவைக்கடைதான். அம்மா அங்கே இஸ்திரி போடுகிறவள். முதலாளியிடம் சொல்லி மகளுக்கும் ஒரு மேசை பிடித்து வைத்திருந்தாள்.

வாத்தியாருக்கு ஒரே சட்டம். அவர் கை தட்டும்வரை யாரும் வேஷத்தைக் கலைக்கக்கூடாது. அன்று ஒத்திகைக் கூடத்தில் பிணத்தைச் சுற்றி அழுகை சூடுபிடித்த நேரம் பார்த்து அவருக்குப் பல்வலி வந்துவிட்டது. கன்னத்தைப் பொத்திக்கொண்டு பல் டாக்டரிடம் ஓடினார். ஒரு கை கன்னத்தில் இருக்கும்போது எப்படித் தட்டுவது?

பிள்ளைகள் அழுதார்கள். பொழுது சாயும்வரை அழுதார்கள். கண்ணீர் தீர்ந்தவர்கள் மூக்கையாவது சிந்தினார்கள். பிணத்துக்கு மூக்கு நுனியில் அரிப்பு. உயிரே போனாலும் சொறிவதில்லை என்று கிடந்தாள்.

கூடத்தைப் பூட்ட வந்த காவலாளி பதறிப்போனார். "ஐயோ, என்னம்மா ஆச்சு?"

"போயிட்டாளே!" என்றாள் அக்கா வேஷம் போட்டவள்.

"எப்படிப் போனா?"

"அதை வாத்தியார் இன்னும் சொல்லலையே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

காவலாளியும் ஒரு பாட்டம் அழுதுவிட்டுப் பிண வண்டிக்குப் போன் போட்டார். ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் வந்தார்கள்.

"உடம்பு சூடா இருக்கே?" என்றார் ஒருவர்.

"புதுசு அப்படித்தான் இருக்கும்" என்றார் அனுபவம் கூடிய மற்றவர்.

மகளைக் கடைக்குக் கூட்டிப்போகலாம் என்று வந்த அம்மா இதற்கு நடுவில்தான் நுழைந்தாள். மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்ன காவலாளியை ஒதுக்கிவிட்டு ஒரு பார்வை பார்த்தாள். அது போதும் அவளுக்கு. "இவளா செத்தா? இவ செத்தா நாலு தெருவுக்குச் சொல்லிட்டுத்தான் சாவா."

வாயாடி உள்ளுக்குள் கணக்குப் போட்டாள். அம்மா கொஞ்சம் கிச்சுகிச்சு மூட்டினால் போதும், மூன்று வருடமும் போச்சு.

அம்மா குனிந்தாள். சோப்பு வாசனை முகத்தருகே வந்தது. "ஏய், எழுந்திரு. முதலாளி காத்துக்கிட்டிருக்கார்."

பிணம் அசையவில்லை.

அம்மாவின் குரல் இறங்கியது. காதோரமாகக் கேட்டாள். "இது உனக்கு அவ்வளவு வேணுமாடி?"

பேச்சு வந்த நாளிலிருந்து அம்மாவின் எந்தக் கேள்வியையும் அவள் சும்மா விட்டதில்லை. ஒன்று கேட்டால் ஒன்பது சொல்லுவாள். இப்போது மூச்சையும் அடக்கிக்கொண்டு கிடந்தாள். வேணும், வேணும் என்று உள்ளே கத்திக்கொண்டிருந்தாள். அம்மா பதிலுக்குக் காத்திருந்து பார்த்தாள்.

பிறகு நிமிர்ந்து வண்டிக்காரர்களிடம், "ஆமாய்யா, என் பொண்ணுதான். செத்துத்தான் போயிட்டா" என்றாள். தலையில் அடித்துக்கொண்டு, அங்கிருந்த அத்தனை பேர் அழுகையையும் தூக்கிச் சாப்பிடும்படி ஒரு அழுகை அழுதாள். ஸ்ட்ரெச்சரை வண்டிக்குள் ஏற்றும்போது மட்டும் நிறுத்தி, "தலை இடிக்கப்போகுது, பார்த்துய்யா" என்றாள். அப்புறம் தானும் ஏறி, மகள் பக்கத்தில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.