தொழில்: விவசாயக் கூலி

அய்யம்மாள் வாழ்நாளில் சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்றை மட்டும் ஆஸ்பத்திரிக்காரர்கள் உறைபெட்டியில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் மொக்கைச்சாமிக்கு நெஞ்சில் கட்டி என்று நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் மருந்து கலந்த மனுஷன். அலுமினியப் பவுடர் சலித்துவிட்டு வந்தால் அவர் காறித் துப்புவதுகூட வெயிலில் மின்னும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நர்ஸ் ஜெயசீலி ஒரு படிவத்தோடு வந்தாள்.

"வெட்டி எடுக்கதுல சோதனைக்குப் போக மிச்சத்தைத் திசு வங்கியில வச்சிருப்போம். ஆராய்ச்சி பண்ற டாக்டருக கேட்டா கொடுப்போம். உங்களுக்கு இஷ்டம்னா மட்டும் கையெழுத்துப் போடுங்க."

"எனக்குத்தான் ஆகாமப் போச்சு. யாருக்காச்சும் ஆகட்டும்" என்று மொக்கைச்சாமி கையெழுத்துப் போட்டார்.

"என்ன தொழில்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அய்யம்மாள் முந்திக்கொண்டாள். "விவசாயக் கூலி."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வட்டாரத்தில் ஆஸ்பத்திரியில் தொழில் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். போர்மேன் ராஜபாண்டியன் ஒவ்வொரு தீபாவளி சீசனிலும் காதில் ஓதிவைப்பான்: "கம்பெனி பேரு எந்தக் காயிதத்துலயும் வரப்படாது. வந்துச்சுன்னா சீல் வச்சிருவாக. அப்புறம் அம்புட்டுப் பேரு வீட்லயும் அடுப்பு எரியாது."

ஜெயசீலி போனதும் மொக்கைச்சாமி சிரித்தார். "ஏட்டி, நான் எந்தக் காட்டுலட்டி களை வெட்டுனேன்?" சிரிப்பு இருமலாக மாறியது. அடுத்த பங்குனியில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது மகள் ஓவியாவுக்கு இருமல். அவளும் அதே கம்பெனியில் மருந்து அடைக்கிறாள். வெம்பக்கோட்டையில் மருத்துவ முகாம் என்று கேள்விப்பட்டு அய்யம்மாள் அவளை இழுத்துக்கொண்டு வந்தாள். அங்கே ஜெயசீலி இருந்தாள், அடையாளமும் கண்டுகொண்டாள்.

"உங்க வீட்டுக்காரரு கொடுத்தது வீண் போகலம்மா. பட்டாசு வேலை பார்த்தவுக நுரையீரலையும் விவசாயம் பார்த்தவுக நுரையீரலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்காக. வித்தியாசம் தெரிஞ்சாத்தான இந்த நோவு இந்த வேலையால வருதுன்னு அடிச்சுச் சொல்ல முடியும்? அவரு விவசாயிக வரிசையில இருக்காரு."

 ஓவியா தொடையில் கிள்ளக் கிள்ள, அய்யம்மாள் உண்மையை எல்லாம் கொட்டிவிட்டாள், கம்பெனி பேர் உட்பட. "மாத்தி எழுதச் சொல்லுங்கம்மா. இவளுக்காகவாச்சும்."

ஜெயசீலி கையை விரித்தாள். "ஆராய்ச்சிக்குப் போகும்போது பேரை எடுத்துட்டு நம்பர்தான் போடுவாக. எந்த நம்பரு யாருதுங்கிற குறிப்பையும் எங்க வங்கியில அழிச்சாச்சு. அவரோடது எதுன்னு இனி யாருக்கும் தெரியாது."

"தெரியும்மா. விவசாயிகன்னு வச்சிருக்கதுல ஒண்ணு மட்டும் மின்னும். தேடச் சொல்லுங்க. அதுதான் அவரு."

ஜெயசீலி தலையைக் குனிந்துகொண்டாள். "இருபது விவசாயில பதினேழு பேருக்கு மின்னுதாம். ரெண்டு வரிசைக்கும் வித்தியாசமே தெரியலன்னு டாக்டரு மண்டையைப் பிச்சிக்கிட்டு இருக்காரு."

அய்யம்மாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் பதினாறு கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னும் பதினாறு பேர் அவளைப் போலவே முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள். பாவிகளா, ஒருத்திகூடவா வாய் தவறி உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவர்களோடு சேர்த்துத் தன்னையும் திட்டிக்கொண்டாள்.

மகள் கையிலிருந்த முகாம் சீட்டு அப்போதுதான் கண்ணில் பட்டது. காலையில் வந்த உடனே, பழக்கதோஷத்தில் அய்யம்மாளேதான் சொல்லி எழுதவைத்திருந்தாள். தொழில்: விவசாயக் கூலி.

ஜெயசீலியிடம் பேனாவை வாங்கி மகளிடம் நீட்டினாள். "ஏட்டி, அதை அடிச்சுட்டு உள்ளதை எழுது."

ஓவியா வாசலைப் பார்த்தாள். வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி வேன் வந்து நின்றிருந்தது. அவள் சீட்டை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சீசன் முடியட்டும்மா."